தெரபி என்பது மருந்து அல்ல
(பார்வை குறைந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பாடம்)



இந்த இதழில் கண் பார்வை குறைந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். "நம்ம வீட்டுல அப்படிப் புள்ள இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் லயத்தில் இல்லாவிட்டால் அடுத்த லயத்தில் இருக்கலாம், பிள்ளைக் காம்பராவில் இருக்கலாம். அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாவிட்டால், இதை வாசித்துக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

முதலில், நாங்கள் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

மேல் டிவிஷனில் ஒரு குடும்பம். தாய் கொழுந்து எடுக்கிறார். தகப்பன் கவ்வாத்து வெட்டுகிறார். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை. இரண்டு மாதம் முந்திப் பிறந்தவள். அவளுக்கு வெளிச்சம் தெரியும். எதிரில் யாராவது அசைந்தால் நிழல் போலத் தெரியும். அதற்கு மேல் பார்வை இல்லை. கண் டொக்டர் நன்றாகச் சோதித்துவிட்டு, "இதுக்கு ஒபரேஷன் இல்ல. தெரபிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். நாங்களும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

அந்தத் தாய் மூன்று தடவை போனார். விடியுமுன் எழும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். பிறகு நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து நாங்கள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனபோது, அந்தப் பிள்ளை ஒரு மூலையில் குந்தியிருந்து, இரண்டு கை முஷ்டியாலும் கண்ணை அமுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று தாயிடம் கேட்டோம். "ஒரு மிஸ் வந்து டோர்ச் லைட்ட அங்கயும் இங்கயும் காட்டினாங்க. கிலுகிலுப்பைய ஆட்டினாங்க. பருப்பு, அரிசி எல்லாம் புள்ள கையில குடுத்து தடவச் சொன்னாங்க. அரை மணித்தியாலம்தான். மருந்து ஒண்ணும் தரல்ல. அடுத்த மாசம் வாங்கன்னாங்க. இவரு, 'வெளயாட்டுக் காட்டவா ஒரு நாள் பேரு போச்சு?'ன்னு ஏசினாரு. நாங்களும் மூணு தரம் தெரபி குடுத்துப் பார்த்தோம். கண்ணு தொறக்கல்ல" என்றார்.

"தெரபி குடுத்துப் பார்த்தோம், கண்ணு தொறக்கல்ல." இன்றைய பாடம் இந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. அந்தத் தாயும் தகப்பனும் தெரபி என்பதை ஒரு மருந்து என்று நினைத்தார்கள். மருந்து என்றால் மூன்று தரம் கொடுத்தும் கேட்காவிட்டால் நிறுத்துவதுதானே நியாயம்? பிழை அவர்களுடையது அல்ல. கிளினிக்கிலும் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்த நாங்களும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறோம்.

முதல் கேள்வி: பார்வையைக் கொண்டுவர முடியுமா, முடியாதா?

பிள்ளைக்குக் கண்ணில் குறை என்று தெரிந்ததும் டொக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஏனென்றால் கண் குறைகள் இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம்மிடம் பல பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்.

முதல் வகை, நேரத்தோடு போனால் சரிப்படுத்தக்கூடியது. பிறக்கும்போதே கண்புரை இருந்தால் ஒபரேஷன் செய்யலாம். அடர்த்தியான புரையென்றால் அதைப் பிறந்த முதல் 6 முதல் 10 கிழமைக்குள் எடுப்பதே நல்லது. "புள்ள கொஞ்சம் வளரட்டும்" என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டால், புரையை எடுத்தாலும் பார்வை சரியாக வராது. கண் பார்க்கத் தயாராக இருந்தாலும், பார்க்க வேண்டிய காலத்தில் மூளை பார்க்கப் பழகாமல் போய்விடும். மாறுகண்ணும் அப்படித்தான். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று சொல்லிக்கொண்டு விட்டால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். கண்ணாடி, நல்ல கண்ணை மூடிவைத்தல் போன்ற வைத்தியம் ஏழெட்டு வயதுக்குள் செய்தால்தான் நல்ல பலன். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. நிறை மாதத்துக்கு வெகு முன்னே பிறந்த குழந்தையின் கண்ணை, பிறந்து ஏறக்குறைய நாலாவது கிழமையில் கண் டொக்டர் பார்க்க வேண்டும். அப்போது கண்ணின் உள்திரையில் கோளாறு தெரிந்தால் லேசர் வைத்தியத்தால் பார்வையைக் காப்பாற்றலாம். பிந்தினால் முடியாது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பெரியவர்கள் சொல்வது இதற்குத்தான் பொருந்தும். ஆகவே கீழே உள்ளதில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்க வேண்டாம்:

* இரண்டு மாதமாகியும் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதது.
* நாலு மாதமாகியும் அசைகிற பொருளைக் கண்ணால் தொடராதது.
* நாலு மாதத்துக்குப் பிறகும் கண் ஒருபக்கம் சாய்ந்திருப்பது.
* கண்கள் தானாக ஆடிக்கொண்டே இருப்பது.
* கண் வழமையைவிடப் பெரிதாகத் தெரிவதும், வெளிச்சத்துக்குக் கூசி நீர் வடிவதும்.
* கண்ணின் கறுப்பு மணிக்குள் வெள்ளையாகத் தெரிவது. போனில் எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலும் உடனே காட்ட வேண்டும். அது புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோயில் ஒவ்வொரு கிழமையும் முக்கியம். பார்வை மட்டுமல்ல, பிள்ளையின் உயிரே அதில் இருக்கிறது.

இரண்டாவது வகை, மருந்தாலும் ஒபரேஷனாலும் திரும்பக் கொண்டுவர முடியாதது. கண்ணின் உள்திரை கெட்டுப்போயிருக்கும், கண் நரம்பு மெலிந்திருக்கும், அல்லது கண் நன்றாக இருந்தும் மூளையில் பார்வைக்குரிய பகுதி பாதிக்கப்பட்டிருக்கும். இப்படிச் சொன்னால் பெற்றோருக்கு நெஞ்சு வெடிக்கும். நம்ப மனம் வராது. இன்னொரு டொக்டரிடம் ஒரு தடவை காட்டிக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் அதற்குப் பிறகும் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, யார் எதைச் சொன்னாலும் ஓடிக்கொண்டிருந்தால், காசும் போகும், பிள்ளையின் காலமும் போகும். நேர்த்தி வைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்த்தியும் இருக்கட்டும், கிளினிக் திகதியும் தவறாமல் இருக்கட்டும். ஆனால் கண்ணுக்குள் இலைச்சாறு, தாய்ப்பால், கைமருந்து என்று எதையும் விடவே கூடாது. இருக்கிற பார்வையும் அதனால் போய்விடலாம்.

அப்படியானால் தெரபி எதற்கு?

"கண்ணு வராதுன்னா தெரபி எதுக்கு?" இதுவே பெற்றோர் எங்களிடம் அதிகம் கேட்கிற கேள்வி. இதற்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது.

நீங்கள் முதன்முதலில் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போன நாளை நினைத்துப் பாருங்கள். எல்லா இலையும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துக் கங்காணியிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். ஆறு மாதம் போன பிறகு எப்படி? கண் நேரே இரண்டு இலைக்கும் ஒரு மொட்டுக்கும் போய்விடும். உங்கள் கண் மாறவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று மூளை பழகிக்கொண்டது. இன்னும் கொஞ்சக் காலம் போனால், பக்கத்து நிரையில் நிற்கிற அக்காவோடு கதைத்துக்கொண்டே, பார்க்காமலே விரல் பறிக்கும். இளசா முற்றலா என்று விரல் நுனிக்கே தெரியும்.

தெரபியும் இப்படித்தான். பிள்ளையிடம் மிச்சமிருக்கிற பார்வை, காது, கை, கால், மூக்கு இவற்றை வேலைக்குப் பழக்குவதுதான் தெரபி. அதற்கு மூன்று வேலை உண்டு.

ஒன்று, இருக்கிற பார்வையைப் பழக்குவது. பார்வையில்லை என்று நாம் நினைக்கிற பிள்ளைகளில் பலருக்கு வெளிச்சமோ, நிழலோ, பெரிய உருவமோ கொஞ்சமாவது தெரியும். அதைப் பாவிக்காமல் விட்டால் பிள்ளை பார்க்க முயற்சி செய்யாது. டோர்ச் லைட்டும் பளிச்சென்ற நிறப் பொருட்களும் அதற்குத்தான்.

இரண்டு, கையையும் காதையும் பழக்குவது. பருப்பையும் அரிசியையும் தடவச் சொன்னது விளையாட்டு அல்ல. இன்று பருப்புக்கும் அரிசிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற விரல்தான் நாளைக்குப் பிரெயில் எழுத்தின் புள்ளிகளை வாசிக்கப் போகிறது.

மூன்று, தன் வேலையைத் தானே செய்யப் பழக்குவது. சாப்பிடுவது, முகம் கழுவுவது, கக்கூசுக்குப் போவது, உடுப்பு மாற்றுவது, விழாமல் நடப்பது எல்லாம் இதில் அடங்கும்.

நல்ல கண்ணை மூடிவிடுகிற வைத்தியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "நல்லாத் தெரியிற கண்ணை எதுக்கு மூடுறாங்க?" என்று சில தாய்மார் பயந்து, வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்து, பெரியவனே எல்லா வேலையையும் செய்துவிட்டால், சின்னவன் வேலை பழக மாட்டான் அல்லவா? பெரியவனைக் கொஞ்ச நேரம் வெளியில் அனுப்பினால்தான் சின்னவன் எழும்புவான். அதே வேலைதான் இது. முதலில் பிள்ளை அழும், கழற்றப் பார்க்கும். டொக்டர் சொன்ன மணித்தியாலக் கணக்கைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கிளினிக்கில் பாடம் படிப்பது யார்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மாதத்தில் அரை மணித்தியாலம் கிளினிக்கில் டோர்ச் லைட்டைக் காட்டினால் ஒரு பிள்ளை பழகிவிடுமா? பழகாது. அது அந்த மிஸ்ஸுக்கும் தெரியும். கிளினிக்கில் பாடம் படிப்பது பிள்ளை அல்ல, நாம்தான். அங்கே பார்த்துக்கொண்டு வந்ததை மிச்சம் 29 நாளும் வீட்டில் செய்வதுதான் தெரபி. வீட்டில் செய்யாமல் கிளினிக்குக்கு மட்டும் போய்வந்தால், கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்காமல் திரும்பியது போலத்தான்.

"எங்களுக்கு நேரமேது?" என்று கேட்பீர்கள். மலை வேலையும் வீட்டு வேலையும் எங்களுக்குத் தெரியாதது அல்ல. இதற்கென்று தனியாக நேரம் வேண்டாம். தினமும் செய்கிற வேலையோடு சேர்த்துச் செய்யலாம்.

காலையில்: பிள்ளையைத் தொடுமுன் பேசுங்கள். "அம்மா வந்திருக்கேன், தூக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள். சொல்லாமல் தூக்கினால் அந்தப் பிள்ளைக்கு அது திடுக்கிடுகிற காரியம். முகம் கழுவும்போது "இது மூக்கு, இது காது" என்று சொல்லுங்கள். வெள்ளைக் கோப்பையில் சாயத்தண்ணி கொடுத்தால் கொஞ்சம் பார்வையுள்ள பிள்ளைக்கு எது தண்ணி, எது கோப்பை என்று தெரியும். சோற்றைப் பளபளக்கும் சில்வர் தட்டில் போடாமல் கடும் நிறத் தட்டில் போடுங்கள்.

வெளிச்சம்: லயத்துக் காம்பரா இருட்டானது. புகை வேறு. பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு "ஒண்ணுந் தெரியல்ல" என்று சொல்லக் கூடாது. இஸ்தோப்பில், வெளிச்சம் பிள்ளையின் முதுகுப் பக்கமிருந்து வந்து பொருளின் மேல் விழும்படி உட்கார வையுங்கள். வெயிலுக்கு முகம் காட்டி உட்கார வைத்தால் கண் கூசி ஒன்றும் தெரியாது.

பிள்ளைக் காம்பராவில்: பிள்ளையின் பாய், கோப்பை, செருப்பு எல்லாம் தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒரு பொருளை இடம் மாற்றினால் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள். பராமரிப்பாளர் அக்காவிடம் நீங்களே போய், கிளினிக்கில் சொன்னதைச் சொல்லிக் கொடுங்கள்.

மாலையில்: பீலிக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். உங்கள் உடம்பு இறங்குவதை வைத்து அதற்குப் படி தெரியும். படியை எண்ணிக்கொண்டே இறங்குங்கள். "இங்க கான் இருக்கு, இது கோயில் மணி, இது பெக்டரிச் சத்தம், தேயிலை வாசம் வருதா?" என்று சொல்லிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊரைக் காதுக்கும் மூக்குக்கும் காலுக்கும் தெரியப் பண்ணுங்கள்.

இரவில்: சமைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில், அடுப்புக்குத் தள்ளி, உட்கார வைத்து, பருப்பு, கடலை, வெங்காயம், கிழங்கு என்று கையில் கொடுங்கள். ரேடியோவையும் டீவியையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். எப்போதும் சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் காதால் உலகத்தைப் படிக்கிற பிள்ளைக்கு அது முகத்தில் புகை அடித்தது போல. டோர்ச் லைட் பயிற்சியை மட்டும் கிளினிக்கில் காட்டித் தந்த விதத்தில்தான் செய்ய வேண்டும். கண்ணுக்கு நேரே அடிக்கவோ, அணைத்து அணைத்து மின்ன விடவோ கூடாது. வலிப்பு வருகிற பிள்ளையென்றால் டொக்டரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம்.

சிரிக்காத குழந்தைக்குப் பாசமில்லையா?

கைக்குழந்தையின் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பார்வையில்லாத குழந்தை தாயின் முகத்தைப் பார்க்காது. கூப்பிட்டால் திரும்பாமல் அசையாமல் கிடக்கும். "இதுக்கு என்னையே தெரியல்ல" என்று தாய் மனம் உடைந்து, மெல்ல மெல்லக் குழந்தையோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். இது உலகம் முழுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் செல்மா ஃப்ரைபர்க் என்ற அம்மையார், பிறவியிலேயே பார்வையில்லாத குழந்தைகளையும் அவர்களின் தாய்மாரையும் பல வருடம் கவனித்து, 1977 இல் ஒரு புத்தகம் எழுதினார். முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்பதே அவர் தாய்மாருக்குக் காட்டிக்கொடுத்த விஷயம். தாயின் குரல் கேட்டதும் குழந்தை அசையாமல் இருப்பது கவனித்துக் கேட்பதற்காக. முகம் காட்டாத ஆசையை விரல்கள் காட்டும்.

இன்னொன்றையும் அவர் கண்டார். பார்வையுள்ள குழந்தை ஐந்து மாதமளவில் கண்ட பொருளுக்குக் கை நீட்டும். பார்வையில்லாத குழந்தை சத்தத்தை மட்டும் கேட்டுக் கை நீட்டுவதற்கு ஒரு வயதை நெருங்கிவிடும். எட்டிப் பிடிக்க ஒன்று இருக்கிறது என்று தெரியாததால் தவழவும் பிந்தும். இது மந்தம் அல்ல. முதலில் கிலுகிலுப்பையைக் கையில் பிடிக்கக் கொடுத்து, பிறகு கைக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டி, பிறகு கொஞ்சம் தள்ளி வைத்து ஆட்டுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

"பாவம், அது என்னத்தச் செய்யும்?"

பாட்டிமார் எங்களைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாசத்தால் அவர்களே ஊட்டுகிறார்கள், தூக்கிக்கொண்டே திரிகிறார்கள், ஐந்து வயதிலும் முகம் கழுவிவிடுகிறார்கள். பிள்ளை மூலையில் இருந்தால் விழாது, அடிபடாது என்று நினைக்கிறார்கள். ஆனால் மூலையில் இருக்கிற பிள்ளைக்குப் பார்க்கவும் ஒன்றுமில்லை, தொடவும் ஒன்றுமில்லை. அதனால்தான் அது கண்ணை அமுக்குகிறது, ஆடுகிறது. கண்ணை அமுக்கும்போது உள்ளே வெளிச்சம் மின்னுவது போல இருப்பதால் சில பிள்ளைகள் அதைப் பழக்கமாக்கிக்கொள்கிறார்கள். தொடர்ந்து அமுக்கினால் கண் குழி விழும், இன்னும் கெடும். கையில் அடித்துத் தடுக்க வேண்டாம். அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். அகப்பையைக் கொடுங்கள், வெங்காயத் தோலை உரிக்கக் கொடுங்கள்.

சோறு சிந்தட்டும். இரண்டு தடவை விழட்டும். பார்வையுள்ள பிள்ளையும் விழுந்துதான் நடை பழகினது. பாட்டியை ஒதுக்கிவிடாமல் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் பிள்ளையோடு இருப்பவருக்குத்தான் முதலில் விளங்க வேண்டும்.

கிளினிக்கில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

டொக்டரிடமும் மிஸ்ஸிடமும் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்.

1. என் பிள்ளைக்கு என்ன குறை? அதன் பெயரை எழுதித் தாருங்கள்.
2. ஒபரேஷன், கண்ணாடி, மருந்து எதனாலாவது பார்வை கூடுமா?
3. இப்போது பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்? எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம்?
4. இந்தப் பயிற்சி எதற்கு? வீட்டில் தினமும் எத்தனை தடவை செய்ய வேண்டும்? நான் செய்து காட்டுகிறேன், சரியா பாருங்கள்.
5. அடுத்த தடவை வரும்போது பிள்ளையில் என்ன மாற்றம் இருக்க வேண்டும்?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எந்த மாற்றத்தை எதிர்பார்ப்பது என்று தெரியாதவர்தான், "கண் திறக்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார். சத்தம் வந்த பக்கம் கை நீட்டியது, கோப்பையைத் தானே பிடித்தது, படியில் காலைத் தடவி வைத்தது என்று கண்ட மாற்றங்களைத் திகதி போட்டு எழுதி வையுங்கள். கிளினிக் நாளைத் தெரிந்தவுடனேயே கணக்கப்பிள்ளையிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லி வைத்தால் கடைசி நேரச் சண்டை வராது. தாயும் தகப்பனும் மாறி மாறிப் போனால் ஒருவருடைய பேர் மட்டுமே ஒவ்வொரு மாதமும் போகாது, இருவருக்கும் பாடம் விளங்கும்.

பள்ளிக்கூடம்

லூயி பிரெயில் என்ற பையன் பிரான்ஸ் நாட்டில் 1809 இல் பிறந்தான். தகப்பன் குதிரைகளுக்குத் தோல் வார் தைக்கிற தொழிலாளி. மூன்று வயதில் தகப்பனின் குத்தூசியை எடுத்து விளையாடும்போது கண்ணில் குத்திக்கொண்டான். ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. பெற்றோர் அவனை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க அனுப்பினார்கள். 15 வயதில், 1824 இல், விரலால் தடவி வாசிக்கிற ஆறு புள்ளி எழுத்தை அவன் உருவாக்கினான். இன்று தமிழையும் அந்த ஆறு புள்ளியில் எழுதலாம், வாசிக்கலாம்.

நம் நாட்டில் இரத்மலானையில் இருக்கிற, பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கான பாடசாலை 1912 இலேயே தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணம் கைதடியில் 1956 இல் நவீல்ட் பாடசாலை தொடங்கப்பட்டது. கொஞ்சம் பார்வையுள்ள பிள்ளை, முன் வாங்கில் உட்கார்ந்து, பெரிய எழுத்தோடும் கண்ணாடியோடும் தோட்டப் பாடசாலையிலேயே படிக்கலாம். ஊனத்தைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்காமல் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். எந்தப் பாடசாலை பொருத்தம் என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் கேளுங்கள். கொடுப்பனவு, வெள்ளைப் பிரம்பு போன்ற உதவிகளுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை இப்போது

மேல் டிவிஷன் குடும்பத்தை நீங்கள் விசாரிப்பீர்கள் என்று தெரியும். அன்று நாங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து, இங்கே எழுதியதையெல்லாம் தாய், தகப்பன், பாட்டி மூவருக்கும் சொன்னோம். தகப்பன் கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "அப்போ கண்ணு வராது?" என்று கேட்டார். "வராது அண்ணே" என்று சொன்னோம். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான்.

ஒரு வருடமாகிவிட்டது. பிள்ளையின் பார்வை கூடவில்லை, முன்பு போலவே வெளிச்சமும் நிழலும்தான். ஆனால் சாயத்தண்ணியைத் தானே எடுத்துக் குடிக்கிறாள். பாட்டியோடு பீலிக்குப் போகும்போது பதினேழு படியையும் உரத்து எண்ணுகிறாள். ஒரு படியை விட்டுவிட்டால் பாட்டியைத் திருத்துகிறாள். கண்ணை அமுக்குவது முழுதாக நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. கைக்கு வேறு வேலை வந்துவிட்டது. போன எட்டு மாதத்தைத்தான் திருப்பிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. உங்கள் பிள்ளைக்கு அந்த எட்டு மாதம் வீணாகக் கூடாது.

குடும்பமாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள்

1. நம் லயத்தில் கண்ணில் குறையுள்ள பிள்ளை இருக்கிறதா? பரிசோதித்தாயிற்றா?
2. அந்தப் பிள்ளையின் குறை சரிப்படுத்தக்கூடியதா, இல்லையா? நமக்கு நிச்சயமாகத் தெரியுமா, அல்லது யாரோ சொன்னதா?
3. அந்தப் பிள்ளை நேற்று தானாகச் செய்த வேலை என்ன? நாம் செய்துவிட்ட வேலை என்ன?
4. நாளைக்கு எந்த ஒரு வேலையை அதன் கையில் விடலாம்?

சந்தேகம் இருந்தால் தோட்டத்து மருத்துவிச்சியையோ நலன்புரி உத்தியோகத்தரையோ இந்தக் கிழமையே காணுங்கள். இந்த முறை நாங்கள் கடிதம் மட்டும் எழுதித் தரமாட்டோம், உட்கார்ந்து விளக்கியும் சொல்வோம்.